பிரேக் பிடித்ததால்

ஆமாம் சார், அந்த வீடியோவில் இருப்பது நான்தான். அப்போதிலிருந்து கவனிக்கிறேன், போனைப் பார்க்கிறீர்கள், என்னைப் பார்க்கிறீர்கள், மறுபடி போனைப் பார்க்கிறீர்கள். கேட்டுவிடலாமே. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நமக்குள் என்ன கூச்சம்? நீலச் சட்டை நான். தரையில் கிடப்பவன் கிருபாகரன், என் சகலை. என் மனைவியின் தங்கை வீட்டுக்காரன். என் கையில் இருப்பது கம்பி இல்லை. கீழே ‘இரும்புக் கம்பியால் தாக்கும் முதியவர்’ என்று எழுதியிருக்கிறார்களே, அது தவறு. சைக்கிள் பம்பு அது. அலுமினியம். நூற்றைம்பது கிராம்கூட இருக்காது. முதியவர் என்பதும் தவறு. எனக்கு அறுபத்தொன்று இன்னும் முடியவில்லை.

நீங்கள் எதற்கு வந்தீர்கள்? ஆர்.சி. புக் தொலைந்துவிட்டதா? நல்லது. நல்லது என்றால், நேரம் இருக்கிறது என்கிறேன். ரைட்டர் உங்களை இப்போதைக்குக் கூப்பிட மாட்டார். என்னால் அவருக்கு வேலை ஓடவில்லை. அவர் மேசையில் ஒரு தாள் இருக்கிறது பாருங்கள், கண்ணாடிக் குண்டு வைத்து. அதில் நான் கையெழுத்துப் போட்டால் இந்த நிமிடமே வீட்டுக்குப் போகலாம். போடாவிட்டால் பன்னிரண்டு மணிக்கு எஸ்.ஐ. வருவார், ரிமாண்டுக்கு எழுதுவார். வாசலில் என் மனைவி வசந்தாமணி டிபன் கேரியரோடு நிற்கிறாள். மூன்று தடவை உள்ளே வந்துவிட்டாள். “ஒரு கையெழுத்துங்க. உங்களுக்கு என்ன கை தேஞ்சா போயிடும்?” என்கிறாள்.

போட முடியாது சார். தாளில் தப்பு இருக்கிறது.

முப்பத்துநாலு வருடம் வால்வு கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருந்தவன் நான். தணிகாசலம் கையெழுத்து இல்லாமல் ஒரு வால்வு வாசலைத் தாண்டாது. முதலாளி மகனே வந்து நின்றாலும் தாண்டாது. அப்படிப்பட்ட கையெழுத்தைத் தப்பான தாளில் போடச் சொல்கிறார்கள்.

என்ன தப்பு என்று சொல்கிறேன். அதற்கு முதலில் கேன்டிலீவர் பிரேக் என்றால் என்னவென்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரைட்டருக்கு இதைச் சொல்ல ஆரம்பித்தேன். எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். அறியாமை ஒரு குறையே இல்லை சார், எழுந்து போவதுதான் குறை.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிறதே போர்க், அதன் இரண்டு பக்கமும் இரண்டு குட்டிக் கைகள். ஒவ்வொரு கையிலும் ரிம்மைப் பார்த்தபடி ஒரு ரப்பர் கட்டை. இரண்டு கைகளின் மேல்முனையையும் ஒரு சின்ன ஒயர் இணைக்கிறது, சக்கரத்துக்கு மேலே வாசல் தோரணம் கட்டினது மாதிரி. ஹேண்டில் பாரிலிருந்து ஒரு பெரிய ஒயர் இறங்கி வந்து, நுனியில் ஒரு கொக்கியை வைத்துக்கொண்டு, அந்தத் தோரணத்தின் நடுவைப் பிடித்து மேலே இழுக்கும். தோரணம் மேலே போனால் கைகள் உள்ளே வரும், கட்டை ரிம்மைக் கவ்வும். அவ்வளவுதான். தோரணம், கொக்கி. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிருபாவுக்கு நாற்பத்தெட்டு வயது. போன தையில் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார், இவன் சைக்கிள் வாங்கினான். அதுவும் பெங்களூரில் எவரோ விற்ற பழைய வெளிநாட்டுச் சைக்கிள். ஞாயிறு தவறாமல் ஏற்காடு. ஏறுவான், மேலே ஒரு காபி குடிப்பான், இறங்குவான். இருபது கொண்டை ஊசி வளைவு. ஏறக் கால் போதும். இறங்கப் பிரேக் வேண்டும்.

வீடு எங்கள் மாமனார் கட்டியது. கீழே நாங்கள், மாடியில் அவர்கள். சைக்கிள் நிற்பது மாடிப்படிக்குக் கீழே, அதாவது என் கண்ணுக்கு நேராக. என் கண்ணுக்கு நேராக நிற்கும் ஒரு சாமான் தப்பாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. பிரேக் பிடித்தால் நாய்க்கு வால் மிதிபட்ட மாதிரி ஊளையிட்டது அந்தச் சைக்கிள். பங்குனி முதல் ஞாயிறு நானாகப் போய்ச் சரிசெய்து கொடுத்தேன். அவன் கேட்கவில்லை. கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றால் சொந்தம் எதற்கு?

ஊளைக்கு வைத்தியம் சின்னது. ரப்பர் கட்டை ரிம்மில் மொத்தமாகப் போய் ஒட்டக் கூடாது. முன்முனை முதலில் தொட வேண்டும், பின்முனை ஒரு மயிரிழை தள்ளி வர வேண்டும். பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒரு துண்டு வெட்டி வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி நட்டை முறுக்கி, அட்டையை உருவ வேண்டும். சொல்லச் சுலபம். அந்தக் கட்டை மேலே போகும், கீழே போகும், உள்ளே வெளியே போகும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயும். அத்தனையையும் பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டு. ஒரு கூட்டுக் குடும்பத்தையே ஒரு நட்டில் மாட்டினது மாதிரி. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முறுக்கிக்கொள்ளும். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஊளை நின்றது.

இவன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். குனிந்து பார்த்தான். “என்ன சகலை, கட்டைய கோணலா வெச்சிருக்கீங்க?” என்றான். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் சுத்தியலை எடுத்து டொக் டொக் என்று தட்டி நேராக்கிவிட்டான்.

நான் கை நீட்டுகிற ஆள் இல்லை சார். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரே ஒரு அறைதான். கண்ணாடி மட்டும் கீழே விழுந்தது. அதுவும் ஒரு பக்கம்தான் உடைந்தது.

அதற்கு அவன் என்ன செய்தான் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. ஒற்றைக் கண்ணாடியோடு என்னைப் பார்த்தான். “சரி சகலை, உங்க இஷ்டம் போல வெச்சுக் குடுங்க” என்று மேலே போய்விட்டான். இப்படிப்பட்ட ஆளோடு எப்படிக் குடித்தனம் செய்வது?

அடுத்த ஞாயிறுதான் உண்மையான சண்டை. கொக்கிச் சண்டை.

பிரேக்கை அழுத்தினால் கைக்குக் கல்லு மாதிரி இருக்க வேண்டும் என்பது கிருபாவின் கட்சி. ஊரில் எல்லாருடைய கட்சியும் அதுதான். உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும், பரவாயில்லை. கொக்கியை உயரத்தில் வைத்துத் தோரணத்தைக் கூம்பாக இழுத்துக் கட்டினால் பிரேக் கைக்குக் கல்லாக இருக்கும். ஆனால் ரிம்மில் பிடிப்பு இருக்காது. கொக்கியைத் தாழ்த்தி, டயருக்குச் சற்றே மேலே தோரணம் படுத்த மாதிரி வைத்தால் கைக்குப் பஞ்சாக இருக்கும், அமுங்கும். ஆனால் சக்கரம் நிற்கும். ஏன் என்று படம் போட்டுக் காட்டுவேன், பேனா உங்கள் பையில் இருக்கிறது, கேட்க எனக்குத் தயக்கம். கிருபாவுக்குப் படம் போட்டே காட்டினேன். காலண்டர் பின்பக்கத்தில், கோணம் எல்லாம் குறித்து.

“படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு சகலை. ஆனா மலையில எறங்கறது நானு. எனக்குக் கல்லு மாதிரி இருந்தாத்தான் தைரியமா இருக்கு.”

“தைரியமா சாகலாம்னு பாக்கறியா?”

“என் வண்டி, என் சாவு. உங்களுக்கு என்ன?”

என் வண்டி என்றான் பாருங்கள். ஒரு வாரமாக என் கை அதில் இருக்கிறது. நான் ஸ்பேனரைப் பிடுங்கினேன். அவன் விடவில்லை. நான் அவன் மணிக்கட்டைத் திருகினேன். அவன் விட்டான். விட்ட வேகத்தில் ஸ்பேனர் என் நெற்றியிலேயே வந்து விழுந்தது. இதோ, புருவத்துக்கு மேலே, மூன்று தையல். அவன் அடித்ததாகத்தான் நான் எல்லாரிடமும் சொன்னேன், ஏனென்றால் காரணம் அவன்தானே. இரத்தம் கண்ணில் இறங்கியதும் எனக்கு எதுவும் தெரியவில்லை. அவன் தலையைப் பிடித்துச் சைக்கிள் சீட்டில் இரண்டு தடவையோ மூன்று தடவையோ மோதினேன். மெத்தை வைத்த சீட்டுதான். அவன் என் முழங்கையைக் கடித்தான். அவன் மனைவி ரேணுகா மாடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை எங்கள் இரண்டு பேர்மீதும் கொட்டினாள், தெரு நாய்களைப் பிரிப்பது மாதிரி. “நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேக்கப் போறேன் மாமா உங்கள, கூடப் பொறந்தவ மூஞ்சிக்காகப் பாக்கறேன்” என்றாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. பெண்கள் பேசிக்கொள்வார்கள். அது கணக்கில் வராது.

பேச்சு இல்லையென்றால் வேலை நின்றுவிடுமா? அவன் ஆபீஸ் போனதும் நான் கொக்கியைத் தாழ்த்துவேன். சாயங்காலம் வந்து அவன் உயர்த்துவான். மறுநாள் நான் தாழ்த்துவேன். ஒரு வார்த்தை கிடையாது. பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் இப்படி இருபத்துமூன்று தடவை. டைரியில் குறித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொக்கியின் போல்ட்டைத் தளர்த்தி, நகர்த்தி, மறுபடி முறுக்க வேண்டும். முறுக்கும்போது போல்ட் ஒயரைக் கடிக்கும். நான் ஒரு இடத்தில் கடிக்க வைப்பேன், அவன் அரை அங்குலம் தள்ளி ஒரு இடத்தில் கடிக்க வைப்பான். ஒயர் என்பது பத்தொன்பது மெல்லிய கம்பிகளின் முறுக்கு. அதை எத்தனை தடவை கடிக்கலாம் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேளுங்கள். எனக்குத் தெரியும். வால்வுக் கம்பெனியில் இதைச் சோதிக்கத் தனி மிஷினே இருந்தது.

ஆனியில் ஒரு காலை ஒற்றைக் கம்பி ஒன்று பிய்ந்து நீட்டிக்கொண்டு என் கட்டைவிரலில் குத்தியது. சொன்னேன் சார். சொல்லாமல் இருக்கவில்லை. அவன் படியில் இறங்கும்போது எதிர்ச் சுவரைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னேன்: “சில பேரு வண்டியில ஒயர் பிரியுது.” சுவரைப் பார்த்துச் சொன்னால் யாருக்கு என்று அவனுக்குத் தெரியாதா? அவனும் சுவரைப் பார்த்து, “சில பேரு கை வெக்காம இருந்தா ஒண்ணும் பிரியாது” என்றான். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன எச்சரிக்கை கொடுக்க முடியும்?

இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். விடவில்லை, இங்கேதான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

போர்க்கில், தோரணத்துக்கும் டயருக்கும் நடுவில், ஒரு சின்னத் தகடு நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் வெளிச்சம் பட்டால் மின்னும் ஒரு வெள்ளைச் சில்லு. நான் கொக்கியைத் தாழ்த்தினால் தோரணம் அந்தத் தகட்டில் போய் உரசும். உரசுவதால் கூடுதலாகத் தாழ்த்த முடியவில்லை. பகலில் ஓட்டுகிறவனுக்கு மின்னுகிற சில்லு எதற்கு? ஒரே திருகு. சித்திரை மாதமே கழற்றிவிட்டேன். கழற்றியதை நான் எறிய மாட்டேன். எந்த உறுப்பைக் கழற்றினாலும் கவரில் போட்டு, சீட்டு ஒட்டி, பிஸ்கட் டின்னில் வைப்பது என் வழக்கம். சீட்டில் மூன்று வரி: பெயர், தேதி, காரணம். ‘மின்னும் சில்லும் தகடும். சித்திரை ஒன்பது. அவசியமற்றது.’

சரி, போன ஞாயிறு.

விடிந்ததும் அவன் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் கொக்கியைத் தாழ்த்தினேன். இருபத்துமூன்றாவது தடவை. அவன் கவனிக்கவில்லை. என் மொபெட்டில் பின்னாலேயே போனேன். எதற்கா? ஒரு பொருளைச் சரிசெய்தால் ஓட்டிப் பார்க்க வேண்டாமா? அவன் மேலே காபி குடித்தான், நான் தள்ளி நின்று டீ குடித்தேன். இறங்கினான். நான் நாற்பது அடி பின்னால். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் ஆறு வளைவும் அழகு. தொட்டால் நிற்கிறது. ஊளை இல்லை. ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான்கூட. சிரித்தான் என்றே நினைக்கிறேன்.

ஏழாவது வளைவில் எதிரே ஒரு வேன். அழுத்தினான். டங் என்று ஒரு சத்தம். பெரிய ஒயர் கொக்கி கடித்த இடத்தில் அறுந்துவிட்டது. அறுந்தால் பிரேக் போயிருக்க வேண்டும், சும்மா உருண்டு போயிருப்பான், பின்பிரேக் இருக்கிறது, நிறுத்தியிருப்பான். ஆனால் மேலே இழுத்துப் பிடித்திருந்தது போனதும் தோரணம் தொப்பென்று டயரில் விழுந்தது. கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர். பல்லில் ஒயர் மாட்டியது. சக்கரம் அதை இழுத்துக்கொண்டு சுற்ற, இரண்டு கைகளும் உள்ளே வந்து எந்த மனிதக் கையும் அழுத்த முடியாத அழுத்தம் அழுத்தின. சைக்கிள் நின்றது. கிருபா நிற்கவில்லை.

அந்தரத்தில் போனான் சார். ஹேண்டில் பாருக்கு மேலே, கையை விரித்துக்கொண்டு. தோளும் முகமும் ஒரே நேரத்தில் ரோட்டில் விழுந்தன. விழுந்து பத்தடி தேய்ந்தான். ஒரு பக்கக் கன்னம் உரித்த மாதிரி ஆகிவிட்டது. மூன்று பல் வேன் டயருக்குப் பக்கத்தில் கிடந்தன. காறை எலும்பு சட்டைக்குள் கூடாரம் போட்ட மாதிரி துருத்திக்கொண்டு நின்றது.

நான் மொபெட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். சைக்கிளிடம். ஏன் முதலில் சைக்கிளிடம் என்று வீடியோ போட்டவர்கள் கேட்கிறார்கள். காரணம் தெரியாமல் எதைச் சரிசெய்வது? குனிந்தேன். டயரில் புதைந்திருந்த ஒயரைப் பார்த்தேன். அதற்கு நேர்மேலே போர்க்கில் ஒரு ஓட்டை. திருகு இல்லாத ஓட்டை. சுண்டுவிரல் நுனி போகும். அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு தகடு நீட்டிக்கொண்டிருந்தால் பிடி விட்ட தோரணம் அதன்மேல் விழுந்து அங்கேயே தங்கியிருக்கும், டயருக்கு வந்திருக்காது. மின்னும் சில்லு ஒரு சாக்கு. தகட்டின் வேலை தாங்குவது. அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றது அரை நிமிடம் இருக்கும்.

அப்போது கிருபா பேசினான். நான்கு மாதம் கழித்து என்னிடம் நேராகப் பேசினான். வாயெல்லாம் இரத்தம், சொல் குழறுகிறது. “சகலை,” என்றான், “நீங்க சொன்னது சரி சகலை. நல்லாப் புடிச்சுது.”

அடித்தேன்.

முதலில் கையால். ஹெல்மெட் போட்டிருந்தவன் தலையில் கையால் அடித்தது என் முட்டாள்தனம், இதோ இரண்டு விரல் முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. பிறகு சைக்கிளிலிருந்து பம்பை உருவினேன். எத்தனை அடி என்று எனக்கு நினைவில்லை. வீடியோவில் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அவன் தடுக்கவில்லை. ஒரு கைதான் அசைந்தது, அதையும் தூக்கவில்லை. வேனிலிருந்து இறங்கிய நாலு பேர் என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்கள்.

ஏன் அடித்தேன் என்று ரைட்டர் கேட்டார். நீங்களும் கேட்கிறீர்கள், வாயால் கேட்காவிட்டாலும். நீங்களே சொல்லுங்கள் சார், அந்த நேரத்தில் ஒரு மனிதன் பேசுகிற பேச்சா அது?

இப்போது தாளுக்கு வருகிறேன். கிருபா ஆஸ்பத்திரியில் படுத்தபடி சொல்லி, ரேணுகா எழுதி, அவன் கையெழுத்துப் போட்டு அனுப்பியது. எனக்கு மனப்பாடம். ‘நானே பிரேக்கைத் தப்பாக மாற்றி வைத்ததால் பிரேக் பிடிக்காமல் விழுந்தேன். பின்னால் வந்த சகலை தணிகாசலம் என்னைத் தூக்கிவிட முயன்றார். வீடியோவில் தெரிவது அதுதான். அவர்மீது எனக்குப் புகார் இல்லை.’ நான்கு வாக்கியம். முதல் மூன்றும் பிழை. நாலாவது அவன் விருப்பம், அதில் நான் தலையிட முடியாது.

‘மேற்கண்டது உண்மை’ என்று கீழே நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். பிரேக் பிடிக்காமல் விழுந்தானாம்! பிடித்தது சார். அவன் வாயாலேயே சொன்னான். பிடித்ததால்தான் விழுந்தான்.

“அவரே உங்களக் காப்பாத்திப் பொய் சொல்றாரு, உங்களுக்கு என்னய்யா வலிக்குது?” என்கிறார் ரைட்டர்.

எங்கே வலிக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. பொய் சொல்லும் அளவுக்கு அவனுக்கு நான் என்ன செய்துவிட்டேன்?

உங்கள் பேனாவைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். பேனா மட்டும் போதாது, என் கையைப் பார்த்தீர்கள். நீங்கள் எழுதுங்கள், நான் சொல்கிறேன். உங்கள் ஆர்.சி. புக் மனுவுக்கு வாங்கிய வெள்ளைத் தாளில் ஒன்று மிச்சம் இருக்கிறதே. எழுதுங்கள்.

‘பிரேக் பிடிக்காததால் அல்ல, பிடித்ததால் விழுந்தார். ஒயர் அறுந்தது, அதை நாங்கள் இருவரும் இருபத்துமூன்று முறை நெரித்ததால். கடைசி முறை நெரித்தவன் நான். கம்பி பிரிந்திருப்பது எனக்கு முன்பே தெரியும். சுவரிடம்தான் சொன்னேன். ஒயர் அறுந்தாலும் டயரில் விழாமல் தாங்கும் தகடு ஒன்று இருந்தது. அதைக் கழற்றியவன் நான். அவருக்குத் தெரியாது. நான் தூக்கிவிட முயலவில்லை. அடித்தேன், பதினொரு முறை.’

‘பதினொரு முறை’ என்பதை எழுத்தால் எழுதுங்கள், எண்ணால் வேண்டாம். எண்ணைத் திருத்திவிடலாம்.

கீழே ‘இணைப்பு: ஒன்று’ என்று போடுங்கள். இணைப்பு இதோ, என் சட்டைப் பையில். வசந்தாமணியிடம் பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். எதற்கு என்று தெரியாமல் கொண்டுவந்து கொடுத்தாள். சீட்டைப் பாருங்கள். பெயர் சரி, தேதி சரி. மூன்றாவது வரியை மட்டும் அடிக்க வேண்டும். பேனாவைக் கொடுங்கள், இடது கையால் நானே அடிக்கிறேன். இது என் சீட்டு. கோணலாக வருகிறது, பரவாயில்லை. ‘காரணம்: தெரியாமல்.’ அவ்வளவுதான் சார் இடம் இருக்கிறது.

கையெழுத்தும் இடது கையால்தான். செல்லுமா? செல்லும்.

நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்களேன். என்னைப் பெஞ்சை விட்டு எழக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

கொடுத்துவிட்டீர்களா? நன்றி. உட்காருங்கள். படிக்கிறார், பாருங்கள். உதட்டை அசைத்துப் படிக்கிறார். டீ குடிக்க எழுந்து போகவில்லை. வாசலைப் பார்க்கிறார், வசந்தாமணியைத்தான். அவள் டிபன் கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மறுபடி முதலிலிருந்து படிக்கிறார். இப்போது போனை எடுக்கிறார். “ஐயா, கொஞ்சம் சீக்கிரம் வாங்கய்யா” என்கிறார், கேட்டதா? பேசிக்கொண்டே எழுந்து நிற்கிறார், தொப்பியைத் தேடுகிறார்.

பார்த்தீர்களா சார்? காலையிலிருந்து என்னைப் பார்த்து ஒரு தடவை எழுந்து நின்றாரா அந்த மனிதர்? தாள் சரியாக இருந்தால் மரியாதை தானாக வரும்.